இடக்காதில் சொன்னது

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். எழுத எழுத என்னை நானே நல்லவனாக்கிக்கொள்ளப் பார்ப்பேன், எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் இது பதிவாகிவிடட்டும். ராணுவ ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவரைச் சிரிக்க வைக்கும் ஆசையில் என் நண்பனின் காதை நான் விற்றேன். காசுக்கு அல்ல, ஒரு சிரிப்புக்கு. அதுவும் பல் தெரியாத சிரிப்பு.

நெய்வேலியிலிருந்து பண்ருட்டி போகிற வழியெல்லாம் முந்திரிக்காடு. கொட்டையைப் பழத்துக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாமல் வெளியே தொங்கவிட்டிருக்கும் மரம் அது. அதனால்தான், யாரும் கேட்கும் முன்னால் பதில் சொல்கிறவனை முந்திரிக்கொட்டை என்கிறோம். பள்ளிக்கூடத்தில் எனக்கு அதுதான் பெயர். பட்டாளத்திலும் அதுதான். எங்கள் சுபேதாருக்குத் தமிழில் மொத்தமே நாலு வார்த்தை தெரியும். அதில் ஒன்று இது, என்னால் கற்றுக்கொண்டது.

நான் டவுன்ஷிப்பில் வளர்ந்தவன். அப்பா தெற்கேயிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். அந்த நண்பன் முத்தாண்டிக்குப்பம், முந்திரிக்காட்டுக்காரன். கடலூரில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது வரிசையில் எனக்கு முன்னால் நின்றான். வெறும் உடம்போடு வெயிலில் நாலு மணி நேரம் நின்றால் யாரும் சொந்தமாகிவிடுவார்கள். சாயந்திரத்துக்குள் நாங்கள் ‘மச்சான்’ ஆகிவிட்டோம்.

அன்றைக்குக் காது பார்த்தவர் ஒரு வயதான தமிழ் டாக்டர். இருபதடி தள்ளி, முதுகைக் காட்டி நிற்கவைத்து, ஒரு காதைப் பொத்தச் சொல்வார். பின்னாலிருந்து குரலே இல்லாமல், மூச்சுக்காற்றால் ஏதாவது சொல்வார். கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எனக்கு ‘நாற்பத்தேழு’ என்றார். அதற்கு முன்னால் இவன். காலையிலிருந்து எண்ணாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாரோ என்னவோ, இவனுக்கு மட்டும் “வூட்டுக்குப் போ” என்று கிசுகிசுத்தார்.

“மாட்டேன் சார்!” என்று இவன் மைதானமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினான்.

டாக்டர் சிரித்துவிட்டு அட்டையில் எழுதினார். இரண்டு காதுக்கும் அறுநூற்றுப் பத்து. சென்டிமீட்டர் கணக்கு, அந்த இருபதடிதான். இந்தக் கதையை அவன் பட்டாளத்தில் ஆயிரம் முறை சொல்லியிருப்பான். நான் ஆயிரம் முறையும் நடுவில் புகுந்து கெடுத்திருப்பேன்.

அவன் பீரங்கிப் படையில் சேர்ந்தான். நான் அதே யூனிட்டில் கிளார்க். துப்பாக்கியைவிட ஸ்டேப்ளரை அதிகம் சுட்டவன் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள்; தப்பில்லை. அவன் வேலை பீரங்கிக்கு வலப்பக்கம் நிற்பது. குழாய் எப்போதும் அவனுடைய இடக்காதுப் பக்கம். பஞ்சு வைத்துக்கொள்வார்கள். பஞ்சு, பீரங்கி இரண்டையும் பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ஏழெட்டு வருஷத்தில் இடக்காதில் ஒரு ரீங்காரம் ஆரம்பித்தது. “கன்வேயர் பெல்ட் ஓடறாப்புல ஓடிகினே கீதுடா” என்பான். பதினைந்தாவது வருஷம் ரீங்காரமும் நின்றுபோனது. காதே போய்விட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. வலக்காதிலும் பாதிதான் மிச்சம்.

எங்கள் ஊர்ப்பேச்சில் ஒரு வசவு உண்டு. கூப்பிட்ட உடனே ஒருவன் திரும்பவில்லை என்றால், “பொறவிச் செவிடாட்டம் நிக்கறான் பாரு” என்பார்கள். பெண்டாட்டி புருஷனைச் சொல்வாள், கண்டக்டர் பயணியைச் சொல்வார். சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும், அது வியாதியின் பெயர் இல்லை என்று. சமையல் கூடத்தில் மூட்டை தூக்கக் கூப்பிட்டால் இவன் திரும்ப மாட்டான். காது நன்றாக இருந்த காலத்திலேயே திரும்ப மாட்டான். அதனால் நான் அவனுக்கு ‘பொறவிச் செவிடு’ என்று பட்டம் கட்டினேன். பிறகு உண்மையிலேயே காது போனபோதும் பட்டத்தை நிறுத்தவில்லை. நிறுத்தினால்தான் அவனுக்கு வலிக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சர்வீஸ் முடிந்து வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் மெடிக்கல் போர்டு வைப்பார்கள். உடம்பில் என்ன குறை, அது எப்போது வந்தது, எதனால் வந்தது என்று எழுதுவார்கள். அந்தக் காகிதத்தை வைத்துத்தான் பிற்பாடு எல்லாமே தீர்மானமாகும் என்பது கிளார்க்கான எனக்குத் தெரியும். அவனுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஃபைலைத் தூக்கிக்கொண்டு கூடப் போனவன் நான்.

டாக்டர் வடக்கத்திக்காரர், மேஜர். குனிந்து எழுதிக்கொண்டே, வாய்க்குள்ளேயே கேட்டார்: எப்போதிலிருந்து?

அவனுக்குக் கேட்கவில்லை. காது கேட்காததால்தானே வந்திருக்கிறான். என் பக்கம் திரும்பி, “இன்னா கேக்கறாரு?” என்றான்.

நான் அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவன் பதிலை வாங்கி டாக்டருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. ஆனால் கொட்டை வெளியே தொங்குகிற மரம் அல்லவா. “பிறவியிலிருந்தே செவிடு சாப். ரம் ஊத்துற சத்தம் மட்டும்தான் கேட்கும்” என்று இந்தியில் சொன்னேன்.

டாக்டரின் உதடு லேசாக விரிந்தது. ஒரு மேஜரைச் சிரிக்க வைத்துவிட்டேன் என்று எனக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி. அவர் சிரித்தபடியே பேனாவை ஓட்டினார். எங்கள் ஊர் வசவு அவர் ஊரில் செல்லாது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

வெளியே வந்ததும் அவன் கேட்டான். “இன்னா கேட்டாரு?”

“எப்பலேருந்துன்னு கேட்டாரு. சொல்லிட்டேன்.”

“கரீட்டா சொன்னியா?”

“சொன்னேன்டா.”

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை நான்தான் விரலால் காட்டினேன். போட்டான்.

ஊருக்கு வந்தோம். என் மனைவிக்கு டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, அதனால் குவார்ட்டர்ஸ் இருந்தது. நான் சுரங்கத்துக்கு ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்சியில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தேன். வீட்டில் அவள் பர்மனென்ட், நான் கான்ட்ராக்ட் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன். “கான்ட்ராக்டை ரினியூ பண்ணலாமான்னு யோசிச்சிகிட்டிருக்கேன்” என்பாள். அவனும் அதே ஏஜென்சியில், வேறொரு கேட்டில். சாலை வலக்காதுப் பக்கம் இருக்கும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வான். டம்பர் லாரி பின்னால் வரும்போது அடிக்கிற ஹாரன் அந்தப் பக்கத்திலிருந்து வந்தால்தான் அவனுக்குக் கேட்கும்.

பேசும்போதும் அப்படித்தான். யாரோடு நடந்தாலும் ஆளைத் தன் வலப்பக்கத்துக்குத் தள்ளிவிடுவான். இடப்பக்கம் நான் வைத்துக்கொண்ட உண்டியல். அவனிடம் சொல்லவும் வேண்டும், அவனுக்குக் கேட்கவும் கூடாது என்றால் அதில் போட்டுவிடுவேன். அவனுடைய குடையைத் தொலைத்தது, அவன் கட்டிக்கொண்டு வந்த சோற்றில் பாதியைத் தின்றது, எல்லாம் அங்கே சொன்னதுதான். சொன்ன மாதிரியும் ஆச்சு, மனசும் லேசாச்சு.

ஊனமுற்றோர் பென்ஷன் கேட்டு அவன் போட்ட மனுவுக்கு முதல் பதில் வந்த அன்று அவன் வீட்டில் இருந்தேன். அவன் மனைவி வாசலில் உட்கார்ந்து முந்திரி உடைத்துக்கொண்டிருந்தாள். கொட்டைத் தோலின் பால் பட்டுக் கை கறுத்திருந்தது.

“அண்ணே, இன்னா எழுதிகிறாங்க, படிங்க” என்றாள்.

காதுக் குறையால் ஊனம் முப்பது சதவீதம் என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஆனால் அது பட்டாளத்து வேலையால் வந்ததும் இல்லை, வேலையால் மோசமானதும் இல்லை, ஆகவே கிடையாது.

“அப்ப வேற எதால வந்துச்சாம்? நான் கத்துறதாலயா?” என்று கேட்டாள் அவள்.

“அதையும் ஒரு பாயிண்டா சேத்துக்கலாம் தங்கச்சி” என்றேன். அவன் எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆறு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். நான் எழுதினேன். ஒன்பது பக்கம். பக்கத்துக்கு ஒரு பழமொழி, அதற்கு இங்கிலீஷில் விளக்கம். இப்போது நினைத்தால் டெல்லியில் அதைப் படித்தவர்கள் மேல் பரிதாபமாக இருக்கிறது. அங்கே ஒரு கமிட்டி உட்காரும். காதைப் பார்க்காது, ஆளைப் பார்க்காது, காகிதத்தைப் பார்க்கும். அது ஒன்றும் குற்றமில்லை. அதன் வேலையே காகிதம்தான். ஒரு வருஷத்துக்கு மேல் கழித்துப் பதில் வந்தது. பழைய வாக்கியத்துக்கு வால் முளைத்திருந்தது. ‘மனுதாரர் பிறவியிலிருந்தே கேட்கும் குறை உள்ளவர் என்று மெடிக்கல் போர்டின் முன் அவர் தரப்பிலேயே கூறப்பட்டுள்ளது.’

ஒரு ஜோக் இவ்வளவு தூரம் போய், டைப் அடித்து, ஸீல் குத்தித் திரும்பி வரும் என்று நான் நினைத்ததில்லை.

“இன்னாடா?” என்றான்.

“காரணம் போதாதுன்னு எழுதியிருக்கான். இன்னொரு அப்பீல் போடலாம்.”

படித்துக்காட்டும்போது அந்த வரியை விழுங்கிவிட்டேன். பாக்கியை எல்லாம் நிறுத்தி நிதானமாகப் படித்தேன்.

இரண்டாவது அப்பீலை நான் எப்படி எழுதினேன் என்று நினைத்துப்பாருங்கள். எந்த வரிக்குப் பதில் சொல்ல வேண்டுமோ அதைத் தொடாமல் எழுத வேண்டும். தொட்டால், அது யார் சொன்னது என்று வரும். பீரங்கியைப் பற்றி எழுதினேன், பஞ்சைப் பற்றி எழுதினேன், ரீங்காரத்தைப் பற்றி எழுதினேன். அந்த இடத்தில் ஒரு குழி. குழியைச் சுற்றி நாலு பக்கம் கோலம். அதுவும் திரும்பி வந்தது, வாலோடு.

இந்த முறை அவன் என்னிடம் கொண்டுவரவில்லை. கடலூரில் முன்னாள் ராணுவத்தினருக்கான அலுவலகத்துக்கு ஏதோ வேலையாகப் போனவன், அங்கிருந்த கிளார்க்கிடம் கடிதத்தைக் கொடுத்து, படித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறான். அந்தக் கிளார்க் நல்ல கிளார்க். எல்லா வரியையும் படித்திருக்கிறார்.

மறுநாள் ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிகிற நேரத்தில் என் கேட்டுக்கு வந்தான். சைக்கிளும் டூவீலருமாக ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அவன் வண்டியை விட்டு இறங்காமலேயே பேசினான்.

“பொறவியிலயே செவிடுன்னு எழுதிகிறாங்களாம்டா.”

நான் ரிஜிஸ்டரைப் பார்த்தேன்.

“பொறவிச் செவிடன் பட்டாளத்துல எப்பிடிச் சேருவான்? சொல்லு. பொய் சொல்லித்தான பூந்துகினான்னு அர்த்தம்? அந்த டாக்டரு வூட்டுக்குப் போன்னு சொன்னது எனுக்குக் கேக்காமயா கத்துனேன்? நீயுந்தான நின்ன?”

“நின்னேன்டா.”

“பென்ஷன் வந்தா வரட்டும், வராங்காட்டி போவட்டும். அந்த வரி போவணும். நான் திருட்டுத்தனமா உள்ள வந்தவன்னு எழுதி வெச்சிகினு எனுக்கு ஒண்ணும் குடுக்கவும் வேணாம்.” வண்டியைக் கிளப்பியபடி சொன்னான். “எந்தப் பாவி சொன்னானோ.”

அந்தப் பாவி பூம் தடுப்பைத் தூக்கி அவனுக்கு வழிவிட்டான்.

அன்று ராத்திரி மனைவியிடம் சொன்னேன். நல்ல நர்ஸ் அவள். ஊசியை வலிக்காமல் போடமாட்டாள். “ஊருக்கெல்லாம் வாயைத் திறப்பீங்க. இதுக்குத் திறங்க” என்றாள். அடுத்த வாரமே சென்னையில், முன்னாள் படைவீரர் வழக்குகள் நடக்கும் தீர்ப்பாயத்தில் வாதாடும் ஒரு வக்கீலைப் பிடித்தோம். சின்ன வயசுப் பெண். அப்பா சுபேதாராக இருந்தவராம். அவளுடைய அறையில் ஃபைல்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தன, நான் நின்றேன். அவனை அன்று நான் கூட்டிப் போகவில்லை.

நான் என் ஒன்பது பக்கத்தை நீட்டினேன். அவள் அதைப் புரட்டக்கூட இல்லை.

“கதை அப்புறம் சார். சேரும்போது எடுத்த மெடிக்கல் பேப்பர் எங்க?”

இல்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. கிளார்க்காக இருந்தவன் நான். மேலே எழுதுவதைப் பற்றியே நினைத்தேனே தவிர, முதலில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்கவில்லை.

“மூணே விஷயம்தான்” என்றாள். “சேரும்போது காதுல குறைன்னு யாரும் எழுதலைன்னா, நல்ல காதோட வந்தார்னுதான் எடுத்துக்கணும். நல்ல காதோட வந்தவருக்கு சர்வீஸ்ல கெட்டுப்போனா, சர்வீஸால கெட்டுச்சுன்னு எடுத்துக்கணும். இல்லைன்னு சொல்றவங்கதான் ஏன் இல்லைன்னு காரணம் எழுதணும், இவர் நிரூபிக்க வேண்டாம். அதையும் மீறி சந்தேகம் இருந்தா, அந்தச் சந்தேகம் இவர் பக்கம் போகணும். இவ்வளவுதான் சட்டம்.”

“அப்ப ஜெயிச்ச மாதிரிதானேம்மா?”

“எதிரா இருக்கறது இந்த ஒரு வரி. அவர் தரப்புலயே சொன்னதா இருக்கு. அவரா சொன்னார்?”

நான் பேசவில்லை. பேசாமல் இருந்தது என் வாழ்க்கையில் அது எத்தனாவது முறை என்று விரல்விட்டு எண்ணிவிடலாம்.

“யார் சார் சொன்னது?”

“நான்தாம்மா.”

“என்னன்னு?”

சொன்னேன். ரம் உட்பட. பத்துப் பதினைந்து வருஷம் யூனிட் முழுக்க ஓடிய ஜோக் அந்த அறையில் விழுந்து செத்தது. அவள் சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினாள். நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்கிறேன் என்றாள். பிறகு கேட்டாள், “அவருக்குத் தெரியுமா?”

“இல்லம்மா.”

“சொல்லிடுங்க சார். கோர்ட்ல வந்து தெரிய வேண்டாம்.”

ஒரு பக்கம்தான் வந்தது. பழமொழி இல்லாமல் நான் எழுதிய முதல் காகிதம்.

சேர்ந்தபோது எடுத்த மருத்துவக் காகிதத்தின் நகலைக் கேட்டு வாங்க ஏழெட்டு மாதம் ஆனது. வந்ததைப் பார்த்தால் ஜெராக்ஸின் ஜெராக்ஸ். ஆனாலும் இரண்டு காதுக்கும் நேரே அந்த எண் தெரிந்தது. அறுநூற்றுப் பத்து, அறுநூற்றுப் பத்து. கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து. அதை அவனிடம் காட்டினேன். விரலால் தொட்டுப் பார்த்தான். “அந்த டாக்டரு இன்னும் கீறாரா இல்லியா தெரில” என்றான்.

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சொல்லப் பார்த்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். ஒரு நாள் பஜாரில் டீ குடிக்கும்போது அவனுக்கு இடப்பக்கமாகப் போய் நின்று, “அன்னைக்கு டாக்டர்கிட்ட சொன்னது நான்தான்டா” என்றேன். அவன் டீக்கடைக்காரரிடம் சர்க்கரை கூட என்றான். இன்னொரு நாள் அவன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது, சேத்தியாத்தோப்பு ரோட்டில், எதிர்க்காற்றில், அவனுடைய இடத்தோளுக்கு மேலாகச் சொன்னேன். “இருக்குதுடா, நேத்துதான் போட்டேன்” என்றான். பெட்ரோலைக் கேட்கிறேன் என்று நினைத்தான். சொல்லிவிட்டேன், கேட்காதது என் தப்பா என்று வீட்டில் வாதாடினேன். மனைவி விளக்கை அணைத்தாள்.

வழக்கு நாலு முறை தள்ளிப்போனது. அரசுத் தரப்பு அவகாசம் கேட்கும், கொடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் நாங்கள் ஷிப்ட் மாற்றிக்கொண்டு போய், மதியம் எலுமிச்சைச் சோற்றைப் பிரித்துத் தின்றுவிட்டுத் திரும்புவோம். ஐந்தாவது முறை எங்களுடைய எண்ணைக் கூப்பிட்டார்கள்.

மேலே இரண்டு பேர். ஒருவர் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் பெரிய ராணுவ அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் இவனைச் சுவர் ஓரப் பெஞ்சில், இடக்காது அவர்கள் பக்கம் இருக்கும்படி உட்காரவைத்தேன். “ஃபேன் காத்து இங்கதான் வருது மச்சான்” என்றேன். உட்கார்ந்தான். வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு வந்திருந்தான். கை இரண்டும் முழங்கால் மேல், அணிவகுப்பில் உட்காருகிற மாதிரி. அங்கே பேசப்படுகிற இங்கிலீஷ் அவனுக்குப் பாதிதான் புரியும். நான் அந்தப் பாதியையும் காதுக்கு வராமல் பார்த்துக்கொண்டேன்.

அரசு வக்கீல் எழுந்து, பிறவிக் குறை என்று இவர் தரப்பிலேயே சொல்லப்பட்டிருக்கிறது என்றார்.

நீதிபதி, “சேரும்போது அப்படி ஏதாவது குறிப்பு இருக்கிறதா?” என்றார்.

வக்கீல் காகிதங்களைப் புரட்டினார். இல்லை என்றார்.

ராணுவ அதிகாரியாக இருந்தவர் முன்னால் சாய்ந்தார். “பிறவியிலேயே செவிடு என்றால் இத்தனை வருஷம் பீரங்கிப் பக்கத்தில் நிறுத்தியது யார்?”

அதற்கும் புரட்டினார். அதற்கான காகிதம் எந்த ஃபைலில் இருக்கும்?

எங்கள் வக்கீல் அந்த ஜெராக்ஸை நீட்டினாள். நீதிபதி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என் பிரமாணப் பத்திரத்துக்கு வந்தார். எழுந்து நிற்கச் சொல்வார்கள், கேள்வி கேட்பார்கள், தலைகுனிந்து பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு வாரமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். குரல் எந்த இடத்தில் உடைய வேண்டும் என்பது வரைக்கும்.

அவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார். “நண்பர் செய்த வேடிக்கைக்குள் நாம் போக வேண்டியதில்லை. சேரும்போது குறிப்பு இல்லை. போர்டு தன் கருத்துக்குக் காரணம் எழுதவில்லை. இது போதும்.”

அவ்வளவுதான். இன்னொருவர் மட்டும் கண்ணாடிக்கு மேலாக ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தார். வேடிக்கைக்காரன் யார் என்று தேடினார் போலிருக்கிறது. நான் தூணுக்குப் பின்னால் ஒடுங்கினேன். என் ஆயுசில் நான் எழுதிய ஒரே உண்மையான காகிதம் யாருக்கும் தேவைப்படவில்லை. நான் கெடுத்ததை நான்தான் சரிசெய்வேன் என்று ஒரு திமிர் எனக்குள் இருந்திருக்கிறது. அதுவும் அங்கேயே விழுந்தது. எங்கேயோ இருக்கிற, அல்லது இல்லாமல் போன, அந்த வயசான டாக்டர் இருபதடி தள்ளி நின்று விட்ட மூச்சுக்காற்றுதான் ஜெயித்தது.

உத்தரவை அங்கேயே சொல்லச்சொல்ல ஒருவர் தட்டச்சு செய்தார். குறை பணியால் வந்தது. மறுத்த உத்தரவுகள் ரத்து. பிறவிக் குறை என்ற கருத்து காரணமற்றது, ஏற்கப்படாது. டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும், “இன்னாடா சொன்னாங்க?” என்றான்.

ஓடிப்போய் அவனுக்கு வலப்பக்கம் நின்றேன். கையைக் குவித்து அவன் காதோடு வைத்துச் சொன்னேன். “பட்டாளத்தாலதான் வந்துச்சுன்னு சொல்லிட்டாங்க மச்சான்.”

“பொறவின்னு எழுதுனது?”

“செல்லாதுன்னுட்டாங்க. போயிடுச்சி.”

அவன் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தான். கட்டினான். மறுபடி அவிழ்த்துக் கட்டினான். பிறகு இன்னொரு காலுக்குப் போனான். எங்கள் வக்கீல் அவனுக்குக் கைகொடுக்க வந்தவள், பார்த்துவிட்டு, தன் ஃபைலில் எதையோ தேட ஆரம்பித்தாள். நான் ஒரு ஜோக் சொல்லலாமா என்று யோசித்தேன். நல்லவேளை, ஒன்றும் வரவில்லை.

அவள் கிளம்பும்போது என்னைத் தனியாகப் பார்த்து, “சொல்லிட்டீங்களா?” என்றாள்.

“சொன்னேம்மா” என்றேன். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை.

மதியத்துக்கு மேல் நெய்வேலி பஸ் கிடைத்தது. அவன் எப்போதும் இடப்பக்க வரிசையில் ஜன்னலோரம் உட்காருவான். அப்போதுதான் பக்கத்தில் இருப்பவன் வலக்காதுக்கு வருவான். எனக்கு வயிற்றைப் புரட்டுகிறது, காற்று வேண்டும் என்று சொல்லி ஜன்னலோரத்தை நான் பிடித்துக்கொண்டேன். விட்டுக்கொடுத்தான். வீட்டுக்குப் போன் போட்டான். “அந்த வரி போயிடுச்சி” என்று நாலு தரம் சொன்னான். அந்தப் பக்கம் அவளுக்கும் ஒரு தரத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது. பிறகு போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினான்.

விழுப்புரம் தாண்டியது. பண்ருட்டியில் பலாப்பழம் விற்கிறவர்கள் ஏறி இறங்கினார்கள். அதற்குப் பிறகு முந்திரிக்காடு தொடங்கியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவன் முத்தாண்டிக்குப்பத்தில் இறங்கிவிடுவான். நான் ஜன்னலைப் பார்த்தபடி ஆரம்பித்து, பிறகு அவன் பக்கம் திரும்பினேன். அவனுடைய இடக்காது என் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், என் மூச்சுக்காற்று படுகிற தூரத்தில் இருந்தது.

“மச்சான். அந்தப் பாவி நான்தான்டா. டாக்டர் கேட்டப்ப உன்கிட்ட கேக்காம, சிரிப்புக்காகச் சொன்னேன். அப்பீல்ல வந்தப்பவும் உனக்குப் படிச்சிக் காட்டல. மன்னிச்சிரு.”

பஸ் சத்தத்தில் எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை. அவன் கண்ணைத் திறக்கவில்லை. வழக்கம்போல உண்டியலில் போட்டாயிற்று என்று நான் மூச்சை விட்டேன்.

கண்ணை மூடியபடியே அவன் சொன்னான்:

“வலப்பக்கம் வந்து சொல்லு.”